லட்சம் மைல் தாண்டிய எஸ்யூவி: வாங்குமுன் சில சோதனைகள்

ஒரு லட்சத்து இருபதாயிரம் மைல் ஓடிய பைலட் ஒன்று விலைக்கு வருகிறது, வாங்கலாமா என்று மாதத்துக்கு ஒருவராவது என்னிடம் கேட்கிறார்கள். டாலஸுக்கு வடக்கே ஆலன், ப்ளேனோ, ஃப்ரிஸ்கோ என்று பரவிக் கிடக்கும் நம்மவர் வட்டத்தில் இது ஓயாத கேள்வி. இரண்டாவது குழந்தை பிறந்திருக்கிறது. ஊரிலிருந்து அப்பாவும் அம்மாவும் ஆறு மாதம் தங்கிப் போக வருகிறார்கள். இரண்டு குழந்தை இருக்கைகளும் இரண்டு பெரியவர்களும் காம்ரியின் பின்சீட்டில் அடங்க மாட்டார்கள். மூன்று வரிசை இருக்கை உள்ள புது வண்டியோ நாற்பதாயிரம் டாலரைத் தாண்டுகிறது. விசா நீட்டிப்பு இன்னும் கைக்கு வரவில்லை. ஆக, பத்தாயிரம் சொச்சத்தில் ஒரு பழைய எஸ்யூவி. அந்தப் பத்தாயிரம் பெரும்பாலும் அந்த வீட்டின் மொத்தக் கையிருப்பு. வாங்கிய மூன்றாம் மாதம் டிரான்ஸ்மிஷன் படுத்துவிட்டால் வண்டியும் இல்லை, பணமும் இல்லை.

வாங்கலாம், வேண்டாம் என்று ஒற்றைச் சொல்லில் பதில் எதிர்பார்ப்பார்கள். மைல் எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு அப்படிச் சொல்ல முடியாது. ஒரு லட்சத்து எண்பதாயிரம் ஓடியும் திடமாக இருக்கும் வண்டி உண்டு; எழுபதாயிரத்திலேயே உள்ளுக்குள் செத்துப்போன வண்டியும் உண்டு. எத்தனை மைல் என்பதைவிட, அந்த மைல்கள் எப்படி ஓடின, அதற்கு என்ன சாட்சி இருக்கிறது என்பதுதான் சங்கதி.

இதைப் பொருளாதாரமாகவே எழுதிவைத்தவர் ஜார்ஜ் அகெர்லாஃப். 'த மார்க்கெட் ஃபார் லெமன்ஸ்' என்ற அவருடைய கட்டுரையை மூன்று பத்திரிகைகள் திருப்பி அனுப்பின. ஒருவழியாக 1970ல் வெளியானது. 2001ல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு வாங்கிக் கொடுத்தது. லெமன் என்றால் அமெரிக்கப் பேச்சில் வெளியே மினுக்கி உள்ளே சொத்தையான வண்டி. விற்பவனுக்குத் தன் வண்டியின் குறை தெரியும், வாங்குபவனுக்குத் தெரியாது. எனவே வாங்குபவன் எல்லா வண்டிக்கும் சராசரி விலைதான் தருவேன் என்பான். அந்த விலைக்கு நல்ல வண்டிக்காரன் விற்க மாட்டான். சந்தையில் சொத்தைகள் மிஞ்சும். அகெர்லாஃப் 1967-68ல் டெல்லியில், இந்தியப் புள்ளியியல் கழகத்தில் இருந்தவர். கடையில் வேண்டுமென்றே கலக்கப்பட்ட, அரிசியின் நிறமும் வடிவமும் கொண்ட கற்களை இந்தியப் பெண்கள் உட்கார்ந்து பொறுக்குவதை அந்தக் கட்டுரையிலேயே குறிப்பிடுகிறார். நம் பாட்டிமார் முறத்தை மடியில் வைத்துச் செய்த அதே வேலை. பழைய வண்டி பார்ப்பதும் அதுதான். கல் எங்கெங்கே இருக்கும் என்று தெரிந்தால் போதும்; இஞ்சினைப் பிரித்து மாட்டத் தெரிய வேண்டியதில்லை.

முதல் சுற்றை வீட்டில் உட்கார்ந்தபடியே முடித்துவிடலாம். ஒவ்வொரு வண்டிக்கும் 17 எழுத்தும் எண்ணும் கலந்த அடையாளம் உண்டு, வின் நம்பர் என்பார்கள். விற்பவரிடம் முதலில் கேட்க வேண்டியது அதைத்தான். தர யோசிக்கிறவரிடம் மேற்கொண்டு பேச வேண்டாம். என்.எச்.டி.எஸ்.ஏ. என்ற மத்திய சாலைப் பாதுகாப்புத் துறையின் தளத்தில் அந்த எண்ணைக் கொடுத்தால் முடிக்கப்படாத ரீகால்கள் இலவசமாகத் தெரியும். காப்பீட்டுக் கம்பெனிகளின் அமைப்பான என்.ஐ.சி.பி.யில் திருட்டு, சால்வேஜ் விவரம், அதுவும் இலவசம். 1992ம் வருடச் சட்டப்படி உருவான மத்திய டைட்டில் தகவல் தொகுப்பு ஒன்று இருக்கிறது. அதிலிருந்து சில டாலருக்கு அறிக்கை வாங்கலாம். கொஞ்சம் கூடக் கொடுத்தால் கார்ஃபாக்ஸ்.

கார்ஃபாக்ஸ் 1984ல் மிசூரியில் தொடங்கப்பட்டதே ஓடோமீட்டர் திருத்துகிறவர்களைப் பிடிக்கத்தான். அந்தத் தொழில் நின்றுவிடவில்லை. வருடத்துக்கு நாலரை லட்சம் வண்டிகளுக்கு மேல் பொய் மைல் எண்ணோடு விற்கப்படுவதாக என்.எச்.டி.எஸ்.ஏ. மதிப்பிட்டிருக்கிறது. முள் சுற்றும் பழைய மீட்டரைத் திருகுவதைவிட டிஜிட்டல் மீட்டரில் எண்ணை மாற்றி எழுதுவது சுலபம் என்பது என் தொழிலில் இருக்கும் யாருக்கும் ஆச்சரியம் தராது. இதில் இன்னொரு சட்ட நுணுக்கம்: 2021ல் மாறிய மத்திய விதிப்படி 2011 மாடல் முதலான வண்டிகளுக்கு இருபது வருடம் வரை விற்பவர் மைல் எண்ணை எழுதிக் கையெழுத்திட வேண்டும். 2010 மாடல் வரையிலான வண்டிகளுக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. பழைய எஸ்யூவிகளில் பாதி அந்தப் பக்கம்தான் விழும். அங்கே மீட்டரை நம்பாமல் பிரேக் பெடலின் ரப்பரையும் டிரைவர் சீட்டின் கதவுப்பக்க ஓரத்தையும் பாருங்கள். எண்பதாயிரம் மைல் என்கிற வண்டியில் பெடல் ரப்பர் வழுவழு என்று தேய்ந்திருந்தால் கணக்கு உதைக்கிறது.

அறிக்கை சுத்தமாக இருப்பதும் வண்டி சுத்தமாக இருப்பதும் வேறு வேறு. காப்பீட்டுக்குச் சொல்லாமல் ரொக்கம் கொடுத்துத் தட்டி எடுத்த விபத்து எந்த அறிக்கையிலும் வராது. டைட்டிலையும் கண்ணால் பார்க்க வேண்டும். சேதமாகி மீண்டும் ஓட வைக்கப்பட்ட வண்டியின் டெக்ஸஸ் டைட்டிலில் 'ரீபில்ட் சால்வேஜ்' என்ற முத்திரை இருக்கும். விலை சல்லிசாக இருக்கும், ஆனால் காப்பீடும் மறுவிற்பனையும் இழுபறி. அடிபட்ட வண்டிகளை ஆன்லைனில் ஏலம் விடும் கோபார்ட்டின் தலைமையகம் டாலஸில்தான் இருக்கிறது. அப்படிப்பட்ட ஏலங்களில் போகிற வண்டி ஒன்று வேறொரு மாநிலத்தைச் சுற்றிக்கொண்டு முத்திரை உதிர்ந்து திரும்புவதும் நடக்கிற கதை. டைட்டிலில் உள்ள பெயரும் விற்பவரின் லைசென்ஸில் உள்ள பெயரும் ஒன்றா என்பது அடுத்தது. 'என் மச்சானின் வண்டி, அவன் ஊரில் இல்லை' என்று ஆரம்பித்தால் உரிமம் இல்லாமல் வண்டி வியாபாரம் செய்யும் ஆசாமியாக இருக்கலாம். டெக்ஸஸில் ஒருவர் வருடத்துக்கு நாலு வண்டிக்கு மேல் விற்றால் டீலர் உரிமம் வேண்டும்.

அடுத்தது ரசீதுகள். என்னைக் கேட்டால் இதுதான் எல்லாவற்றிலும் கனமான சாட்சி. ஆயில் மாற்றிய காகிதங்களை ஒரு உறையில் போட்டுக் கையுறைப் பெட்டியில் வைத்திருக்கும் மனிதரின் ஒன்றரை லட்சம் மைல் வண்டியை, காகிதமே இல்லாத தொண்ணூறாயிரம் மைல் வண்டியைவிட நான் நம்புவேன். மைல்கள் எங்கே ஓடின என்பதையும் கேளுங்கள். மணிக்கு 60 மைலில் ஹைவேயில் ஓடிய ஒரு லட்சத்து இருபதாயிரம் மைல் இஞ்சினுக்கு 2,000 மணி நேர உழைப்பு. அதே தூரத்தைக் கடைத்தெருவிலும் பள்ளி வாசலிலும் சராசரி 25 மைலில் ஓட்டினால் 4,800 மணி நேரம். சில வண்டிகளில் இஞ்சின் மணி நேரத்தைத் திரையிலேயே பார்க்கலாம். நாலு வருடத்தில் லட்சம் மைல் ஓடிய வண்டி என்றதும் பயந்து ஓடாதீர்கள். தினமும் தூரத்து ஆபீசுக்குப் போய்வந்ததாக இருக்கக்கூடும்.

நேரில் போகுமுன் அந்த மாடலின் பரம்பரை வியாதி என்ன என்று தெரிந்துகொள்வது நல்லது. நம்மவர்கள் அதிகம் தேடும் வண்டிகளில் முக்கியமானது டைமிங் பெல்ட். இஞ்சினுக்குள் வால்வையும் பிஸ்டனையும் தாளம் தப்பாமல் ஓட்டும் ரப்பர் பட்டை அது. அறுந்தால் இரண்டும் மோதி இஞ்சினே போகும். ஹோண்டா பைலட்டில் 2003லிருந்து 2022 வரை மூன்று தலைமுறையிலும் பெல்ட்தான். சுமார் ஒரு லட்சத்து ஐயாயிரம் மைலில் மாற்ற வேண்டி வரும். டொயோட்டா ஹைலாண்டர் வி6ல் 2007 வரை பெல்ட், 2008 முதல் செயின். ஃபோர்ரன்னரில் 2003-2009 வி8க்கு பெல்ட், அதே காலத்து வி6க்குச் செயின். பெல்ட் வண்டி என்றால், மாற்றிய ரசீது இருக்கிறதா, கூடவே தண்ணீர் பம்பும் மாற்றப்பட்டதா என்று கேட்க வேண்டும். ரசீது இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு ஆயிரம் டாலருக்கு மேல் விலையில் கழியுங்கள். ஒரு லட்சத்து ஐந்தை நெருங்கும் பைலட்டுகள் நிறைய விலைக்கு வருவதற்கும் இந்தச் செலவுக்கும் சம்பந்தம் இல்லை என்று நான் நினைக்கவில்லை.

2011-2019 ஃபோர்ட் எக்ஸ்ப்ளோரரின் 3.5 லிட்டர் இஞ்சினில் தண்ணீர் பம்ப் இஞ்சினுக்கு உள்ளேயே, செயினோடு சேர்ந்து இருக்கிறது. அது கசிந்தால் கூலண்ட் நேராக ஆயிலில் கலக்கும். பம்பை மாற்றப் பெரிய வேலை. 2005-2010 நிஸான் பாத்ஃபைண்டரில் டிரான்ஸ்மிஷன் ஆயிலைக் குளிர்விக்கும் குழாய் ரேடியேட்டருக்குள் விரிசல் விட்டு, கூலண்டும் ஆயிலும் கலந்து ரோஸ்மில்க் நிறத்தில் ஒரு திரவம் உருவாகும். பார்க்க அழகாக இருக்கும், டிரான்ஸ்மிஷனுக்கு அது விஷம். ஹ்யூண்டாய் ஸாண்டா ஃபே ஸ்போர்ட், கியா ஸொரெண்டோ இவற்றில் சில வருடங்களின் நாலு சிலிண்டர் இஞ்சின்களுக்குப் பேரிங் பழுதால் ரீகாலும் நீட்டித்த வாரண்டியும் வந்தன; செய்தாகிவிட்டதா என்று வின் நம்பரை வைத்துக் கேட்கலாம். ஆல் வீல் டிரைவ் வேண்டுமா என்றும் கேட்பார்கள். ஆலனில் பனி விழுவது வருடத்துக்கு ஓரிரு நாள், அன்று ஊரே வீட்டில் இருக்கும். முன்சக்கர இழுவை போதும், கெட்டுப்போகும் பாகங்களும் குறைவு.

இனி வண்டியை நேரில் பார்க்கலாம். 'நான் வரும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம்' என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். போனதும் ஹூட் மேல் கை வையுங்கள். சூடாக இருந்தால், குளிர்ந்த இஞ்சின் என்ன சத்தம் போடும் என்பதை உங்களிடமிருந்து மறைக்கிறார்கள். குளிர்ந்த நிலையில் கிளம்பும்போது சில விநாடிக்கு மேல் கடகடப்பு கேட்டால் செயினையோ ஆயில் அழுத்தத்தையோ சந்தேகிக்க வேண்டும். நீலப்புகை என்றால் ஆயில் எரிகிறது. தொடர்ந்து வரும் இனிப்பு வாசனையுள்ள வெண்புகை என்றால் கூலண்ட் எரிகிறது. ஆயில் மூடியைத் திறந்து அடியில் பாருங்கள், கரிய களிம்பு அப்பியிருந்தால் ஆயில் மாற்றவே இல்லை. காபிப் பால் நிறம் இருந்தால் அங்கிருந்தே கிளம்பிவிடலாம்.

எனக்குப் பிடித்த சோதனைக்கு இருபது டாலர்க் கருவி ஒன்று போதும். 1996 முதல் அமெரிக்காவில் விற்கப்பட்ட எல்லாக் கார்களிலும் ஸ்டீயரிங்குக்குக் கீழே ஓபிடி என்ற செருகுவாய் உண்டு. கருவியைச் செருகினால் பழுதுக் குறியீடுகள் தெரியும், இது பலருக்கும் தெரிந்ததே. சாமர்த்தியமான விற்பனையாளர் காலையில் அவற்றை அழித்துவிட்டு உங்களுக்குப் பளபளப்பான டாஷ்போர்டைக் காட்டுவார் என்பதும் தெரிந்ததே. ஆனால் அழித்தால் கூடவே வண்டி தன்னைத்தானே சோதித்த முடிவுகளும் அழிந்துபோகும். அவற்றை ரெடினஸ் மானிட்டர் என்கிறார்கள். முழுதும் திரும்பி வரப் பல நாள் ஓட்டம் தேவை. அதனால் 'குறியீடு எதுவும் இல்லை' என்பதைப் பார்ப்பதோடு நிறுத்தாமல், மானிட்டர்கள் தயாரா, குறியீடு அழித்து எத்தனை மைல் ஆகிறது என்றும் பாருங்கள். 'அழித்தபின் 11 மைல்' என்று வந்தால் வேறு கேள்வியே வேண்டாம். ஒரு சர்வரில் லாக் கோப்பு இன்று காலை எட்டரைக்குத்தான் தொடங்குகிறது என்றால் நான் முதலில் கேட்பது நேற்றைய லாகை ஏன் அழித்தார்கள் என்பதைத்தான். சுமார் 2010 முதல் வரத் தொடங்கிய வண்டிகளில் கருவியால் அழிக்க முடியாத நிரந்தரக் குறியீடுகளும் உண்டு.

ஓட்டிப் பார்ப்பது இருபது நிமிடமாவது இருக்க வேண்டும். குடியிருப்புத் தெருவோடு நின்றுவிடாமல் 75ம் எண் ஹைவேயில் ஏறி இறங்குங்கள். ரேடியோவை அணைத்துவிடுங்கள், விற்பவர் பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருந்தால் பதில் சொல்லாமல் காதை வண்டிக்குக் கொடுங்கள். கியர் மாறும்போது தயக்கமோ உதையோ இருக்கிறதா, பிரேக்கில் ஸ்டீயரிங் நடுங்குகிறதா, காலி வாகன நிறுத்தத்தில் ஸ்டீயரிங்கை முழுதும் ஒடித்து வட்டமடித்தால் டக் டக் என்று கேட்கிறதா. நின்றபடியே ஏசியைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, மூன்றாம் வரிசையில் போய் உட்காருங்கள். உங்கள் அம்மா உட்காரப் போகிற இடம் அதுதான். ஆகஸ்டு மாத டெக்ஸஸில் அங்கே குளிர்காற்று வராவிட்டால் அந்த வண்டியால் பயனில்லை.

பணத்தைவிடப் பெரிய விஷயங்கள் மூன்று: டயர், நிலைப்புக் கட்டுப்பாடு, ஏர்பேக். பேரம் பேசுகிறவர்கள் இவற்றைக் கடைசியில் வைப்பது எனக்கு என்றுமே புரிந்ததில்லை. 2000 ஆகஸ்டில் ஃபயர்ஸ்டோன் கம்பெனி அறுபத்தைந்து லட்சம் டயர்களைத் திரும்பப் பெற்றது. பெரும்பாலும் ஃபோர்ட் எக்ஸ்ப்ளோரர்களில் இருந்தவை. வேகத்தில் ஓடும்போது டயரின் மேல்தோல் உரிந்து, உயரமான வண்டி நிலைகுலைந்து கவிழ்ந்தது. 271 பேர் இறந்ததாகக் கணக்கு. வெப்பம், குறைந்த காற்று, அதிக பாரம், நீண்ட ஹைவே ஓட்டம் எல்லாம் சேர்ந்த விபத்துகள் அவை, வெயில் மாநிலங்களில் அதிகம் நடந்தன. எட்டுப் பேரை ஏற்றிக்கொண்டு ஜூலையில் ஹ்யூஸ்டன் மீனாட்சி கோவிலுக்குப் போகும் குடும்பம் அதே நிலைமையில்தான் போகிறது. டயரின் பக்கவாட்டில் டாட் என்று தொடங்கும் வரிசையில் கடைசி நாலு எண்ணைப் படியுங்கள்: 2318 என்றால் 2018ம் வருடம் 23வது வாரம் செய்தது. ஓடு இன்னும் ஆழமாக இருந்தாலும் பத்து வயதுக் கிழ டயர் ஆகாது. ஸ்டெப்னியையும் பாருங்கள், அதுதான் பெரும்பாலும் மூத்தது.

எலக்ட்ரானிக் ஸ்டெபிலிட்டி கண்ட்ரோல் 2012 மாடல் முதல் எல்லா வண்டிக்கும் கட்டாயம். அதற்குமுன் இருந்தாலும் இருக்கும், இல்லாமலும் இருக்கும். எஸ்யூவி தனியாகத் தடம்புரளும் விபத்துகளை இது 59 சதவீதமும் கவிழ்வதை 84 சதவீதமும் குறைக்கும் என்று 2007ல் என்.எச்.டி.எஸ்.ஏ. மதிப்பிட்டது. இது இல்லாத எஸ்யூவியைக் குழந்தைகள் ஏறும் வண்டியாக நான் யாருக்கும் சிபாரிசு செய்வதில்லை, விலை எவ்வளவு குறைந்தாலும் சரி. ஏர்பேக் விஷயத்தில் தகாட்டா ரீகால் சுமார் ஆறு கோடியே எழுபது லட்சம் ஏர்பேக்குகளைத் தொட்டது. 2000களின் பைலட், சிஆர்-வி வண்டிகள் பல அதில் அடக்கம். வெப்பமும் ஈரமும் வயதும் சேர்ந்தால் உள்ளிருக்கும் வெடிமருந்து கெட்டு, விரியும்போது உலோகச் சில்லுகள் தெறிக்கும். டீலரிடம் போனால் இலவசமாக மாற்றிக் கொடுப்பார்கள். வாங்குகிற அன்றைக்கே நாள் குறியுங்கள்.

வண்டி எந்த ஊர்க்காரன் என்பதைப் பொறுத்தும் நோய் மாறும். ஆலன் பக்கத்து வண்டிக்கு ஆலங்கட்டிதான் சத்துரு (ஊர்ப் பெயரைக் குறை சொல்லி என்ன செய்ய). 2016 ஏப்ரலில் பக்கத்திலுள்ள வைலியில் சாஃப்ட்பால் அளவுக்கு விழுந்தது. கூரையில் பள்ளம் இருந்தால் அழகுக் குறைதான், விலையைக் குறைக்க உதவும். கண்ணாடி மாற்றிய ஓரத்தில் தண்ணீர் கசிகிறதா என்று மட்டும் பாருங்கள். ஹ்யூஸ்டன் வண்டி என்றால் வெள்ளம். 2017 ஹார்வி புயலில் லட்சக்கணக்கான வண்டிகள் மூழ்கின, ஹ்யூஸ்டன் இங்கிருந்து நாலு மணி நேர ஓட்டம்தான். சீட் பெல்ட்டை முடிவுவரை இழுத்து உள்பகுதியில் சேற்றுக் கறை இருக்கிறதா, சீட்டுக்கு அடியில் உள்ள போல்ட்டுகள் துருப்பிடித்தனவா என்று பாருங்கள். வாசனைத் திரவியம் தூக்கலாக அடித்தாலும் சந்தேகம் கொள்ளலாம். நியூ ஜெர்சியிலிருந்தோ ஒஹாயோவிலிருந்தோ வந்த வண்டி என்றால் பனிக்காலச் சாலை உப்பு. கீழே குனிந்து சட்டத்தை ஸ்க்ரூடிரைவரால் தட்ட வேண்டும். 2005-2008 செக்வோயா உள்ளிட்ட டொயோட்டா வண்டிகளின் சட்டத்துருவுக்கு 2016ல் பெரிய வழக்குச் சமரசமே நடந்தது.

இத்தனையும் தேறினால் நமக்குத் தெரிந்த ஒரு மெக்கானிக்கிடம் கொண்டுபோய் 150 முதல் 250 டாலர் கொடுத்து லிஃப்ட்டில் ஏற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். விற்பவர் காட்டும் மெக்கானிக் வேண்டாம். 'அதெல்லாம் முடியாது' என்று விற்பவர் மறுத்தால் 250 டாலர் மிச்சம் என்று நினைத்துக்கொண்டு நடையைக் கட்டுங்கள். டீலரிடம் வாங்கினால் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் 'பையர்ஸ் கைடு' தாளைப் படியுங்கள். 1985 முதல் இருக்கும் மத்திய விதி அது. 'ஆஸ் இஸ்' என்ற கட்டத்தில் குறியிருந்தால் வாசலைத் தாண்டியபின் எல்லாம் உங்கள் செலவு. டீலர் வாயால் சொன்னது எதுவும் அந்தத் தாளில் இல்லை.

டெக்ஸஸில் இன்னொன்று. 2025 ஜனவரி முதல் தனியார் வண்டிகளுக்கு வருடாந்தரப் பாதுகாப்புச் சோதனை கிடையாது. கொலின் கவுண்டியில் புகைச் சோதனை மட்டும் தொடர்கிறது. அதாவது பிரேக்கையும் டயரையும் ஸ்டீயரிங்கையும் யாரோ ஒருவர் வருடத்துக்கு ஒருமுறையாவது பார்த்திருப்பார் என்ற எண்ணம் இனி உதவாது. நியூ ஜெர்சியில் 2010லேயே இந்த நிலைமை வந்துவிட்டது. கலிஃபோர்னியாவில் புகைச் சான்றிதழ் பெரும்பாலும் விற்பவர் பொறுப்பு. வளைகுடாப் பகுதி நண்பர்கள் அதைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

கையில் பன்னிரண்டாயிரம் இருந்தால் ஒன்பதரைக்கு மேல் வண்டி பார்க்காதீர்கள். பெல்ட், டயர், பேட்டரி, எல்லாத் திரவங்களும் என்று முதல் வருடம் மீதியைத் தின்றுவிடும். வரியும் உண்டு. டெக்ஸஸில் 6.25 சதவீதம். தனியாரிடம் வாங்கும்போது நீங்கள் கொடுத்த விலைக்கும், அரசு வைத்திருக்கும் மதிப்பில் 80 சதவீதத்துக்கும் எது அதிகமோ அதன்மேல் கணக்கிடுவார்கள். அரசு மதிப்பு 12,000 என்று இருக்கும் வண்டியை 7,000க்கு வாங்கினாலும் 9,600க்கு வரி, 600 டாலர். வண்டி அடிபட்டிருந்ததால்தான் மலிவு என்றால், முறையான மதிப்பீட்டுச் சான்றிதழ் காட்டிக் குறைக்கலாம். பணத்தைக் கொடுக்கும் நாளில் விற்பவரையும் அழைத்துக்கொண்டு ப்ளேனோவிலோ மெக்கின்னியிலோ உள்ள கவுண்டி வரி அலுவலகத்துக்கே போய்விடுவது நல்லது. டைட்டிலில் வங்கிக் கடன் பாக்கி இருந்தால் கவுண்ட்டரில் இருப்பவர் சொல்லிவிடுவார். அதுவரை காசோலை சட்டைப்பையிலேயே இருக்கட்டும்.